சபதம்: தொகை, வகை, விரி

சபதமாவது, ஒருவர் வாயால் செய்யப்பட்டு மற்றவர் தலையில் விடிவது. பாரதத்தை நோக்க அது மூவகைப்படும். நான்கு என்பாரும் உளர். அவர் திரௌபதியின் விரித்த கூந்தலைத் தனி வகையாகக் கொள்வர். அது தெருக்கூத்துக்காரரின் முதல். அதில் கை வைப்பது முறையன்று.

ஒன்று, மிகைச் சபதம். தன் மகள் சத்தியவதியை மன்னனுக்கு மணமுடிக்க, அவள் மகனுக்கே அரியணை வேண்டுமென்றான் மீனவர் தலைவன். மன்னனின் மகன் தேவவிரதன் தந்தான். "நீ சரி, உன் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?" என்று அவன் ஓர் ஐயம் கிளப்ப, பிள்ளையே பெறுவதில்லை என்று ஒரே போடாகப் போட்டுப் பீஷ்மர் ஆனார். வானோர் பூச்சொரிந்தார்கள். சத்தியவதியின் மக்கள் இருவரும் வாரிசின்றி மாண்டபின், யார் பொருட்டுச் சபதமோ அவளே வந்து விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாள். மறுத்தார். பயனடைய வேண்டியவளே வேண்டாமென்ற பின்னும் நிற்பதால் இதனை மிகை என்றோம். செய்தவருக்கு, விரும்பியபோது சாகும் வரம் கிடைத்தது. அவர் தேரேற்றிக் கொண்டுவந்த அம்பையைக் காதலன் சால்வனும் ஏற்கவில்லை, சபதத்தைக் காட்டி இவரும் ஏற்கவில்லை. அவள் தீயில் இறங்கினாள்.

இரண்டு, கொடைச் சபதம். இதில் மட்டும் விலையைச் செய்தவரே கொடுப்பார்: சிபி தசை, ததீசி எலும்பு, கர்ணன் கவசகுண்டலம். மூன்று இடத்திலும் வாங்க வந்த ஆள் இந்திரன் என்பதைக் குறித்துக்கொள்க. சோழர் தம்மைச் செம்பியர் என்று சிபி வழியில் சேர்த்துக்கொண்டனர். அவனைப்போல் தராசில் ஏறியதாகச் செய்தி இல்லை.

மூன்று, மறைச் சபதம். செய்தது வெளியே தெரியாது. தெரியாமல் மிதித்தவர் கதி அதோகதி. காண்டீவத்தை வேறொருவனிடம் கொடு என்பவன் தலையைக் கொய்வதாக அர்ஜுனன் உள்ளுக்குள் வைத்திருந்தான். 17ஆம் நாள் போரில் கர்ணனிடம் அடிபட்டுப் பாசறையில் கிடந்த தருமர், எரிச்சலில் அதையே சொல்லித் தொலைத்தார். தம்பி வாளை உருவிவிட்டான். சாரதி கண்ணன் உரை கூறினான்: மூத்தவரை 'நீ' என்று ஏசினால் கொன்றதற்குச் சமம். அர்ஜுனன் ஆசைதீர ஏசினான். பிறகு அந்தக் குற்றம் உறுத்தித் தன்னையே வெட்டிக்கொள்ள மறுபடி வாளெடுத்தான். அதற்கும் உரை இருந்தது: தற்புகழ்ச்சி தற்கொலைக்குச் சமம். தாராளமாகப் புகழ்ந்துகொண்டான். இரண்டு கொலை முடிந்தது. ஒரு துளி இரத்தம் இல்லை.

புறனடை: ஆயுதம் எடேன் என்ற கண்ணன் பீஷ்மர்மேல் இருமுறை பாய்ந்தது எவ்வகைப்படும் எனின், உரை கூறுவோன் வகைக்குள் அடங்கான் என்க. சபதம் செய்யப் புகுவோர், அதற்கு முன் நல்ல சாரதி ஒருவனை அமர்த்திக்கொள்க.