கூலிங் கிளாஸ் கேட்ட அத்தானுக்கு

மெல்போர்ன்,
அக்டோபர்.

அன்புள்ள அத்தானுக்கு,



டாக்டர் உங்களைச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் என்று அக்கா சொன்னாள், சந்தோஷம். பின்னாலேயே உங்கள் வாட்ஸ்அப்பும் வந்தது: 'வரும்போது ஓக்லி கண்ணாடி ஒன்று.' டாக்டர் சீட்டில் அதுவுமா இருந்தது? மதுரையில் விடியற்காலையில் கூலிங் கிளாஸோடு சைக்கிளில் போனால், மெட்ராஸ் ஐ என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த நெரிசலுக்கு அது ஒரு வசதிதான்.

இங்கே ஞாயிறு விடிந்தால் கடலோரம் பீச் ரோடு முழுக்க சைக்கிள். பாதிப் பேருக்கு உங்கள் வயசு, உங்கள் தொப்பை. அதன் மேல் இறுக்கிப் பிடித்த லைக்ரா சட்டை, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி. பார்த்தால் டூர் டி பிரான்ஸ்தான். காப்பிக் கடை வந்ததும் பந்தயம் முடிந்துவிடும்.

அந்தக் கண்ணாடி 300 ஆஸ்திரேலிய டாலர் பக்கம் வரும். நம் காசுக்கு 16,000 ரூபாய்க்கு மேல். 1975இல் ஜிம் ஜன்னார்ட் என்பவர் கலிபோர்னியாவில் ஓக்லியைத் தொடங்கியபோது போட்ட முதலே 300 அமெரிக்க டாலர்தானாம். பெயர் அவர் வளர்த்த நாயுடையது. சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் 1986இல் டூர் டி பிரான்ஸை வென்ற காலத்தில் இந்தக் கண்ணாடியைப் போட்டு ஓட்டினார். அதற்குப் பிறகு சைக்கிள்காரர்களின் முகமே மாறிவிட்டது.

கண்ணுக்கு நல்லதாச்சே என்பீர்கள். இந்த நாட்டில் பெட்ரோல் பங்கில் தொங்கும் மலிவுக் கண்ணாடியும் அரசு வைத்த தரத்துக்குள் வந்தாக வேண்டும். 0 முதல் 4 வரை எந்த வகை என்று லேபிளும் வேண்டும். வெயிலுக்கு 3 போதும். பாலிகார்பனேட் லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தானாகவே தடுத்துவிடும். அதற்கு நாயின் பெயர் தேவையில்லை. ஆனால் நம்மூர் நடைபாதையில் கருப்பாக இருக்கிறதே என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். கருப்பு வேறு, தடுப்பு வேறு. தடுப்பு இல்லாத கருப்புக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

அப்படியானால் விலை எதற்கு? வியர்த்தாலும் வழுக்காத மூக்கு ரப்பர், ஆவி படியாமல் காற்றுப் போக வழி, கழற்றி மாட்டும் லென்ஸ். முக்கியமாக, பந்தயக்காரர் குனிந்து ஓட்டும்போது லென்ஸின் மேல்விளிம்பு வழியாகத்தான் ரோட்டைப் பார்க்கிறார். அங்கே ஃப்ரேம் குறுக்கே வரக்கூடாது. அது நியாயமான செலவு. நீங்களோ நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவருக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு போகிறவர்.

இப்போது இங்கே வசந்தம். மேக்பை என்றொரு கருப்பு வெள்ளைப் பறவை, கூட்டில் குஞ்சு இருக்கிறது என்று பின்னாலிருந்து பாய்ந்து வந்து தலையில் கொத்தும். சைக்கிள்காரன் என்றால் தனிப் பாசம். அதனால் சிலர் ஹெல்மெட்டின் பின்புறம் கூலிங் கிளாஸை மாட்டிக்கொள்கிறார்கள், கண் பின்னாலும் இருக்கிறது என்று பறவை பயப்படட்டுமாம். 300 டாலர் கண்ணாடியைப் பிடரிக்குப் போட்டவரையும் பார்த்தேன். அவரைப் பறவை துரத்திக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே, 40 டாலருக்குள் 3ஆம் வகைக் கண்ணாடி ஒன்று கொண்டுவருகிறேன். தூசிக்கும் பூச்சிக்கும் காதோரம் வரை வளைந்து மூடுவதாகப் பார்க்கிறேன். மிச்சக் காசுக்கு அக்கா ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டு வரை முகத்தின் அகலத்தை அளந்து அனுப்புங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, காதுக்கு மேல் மிஞ்சும் இடத்தையும் அளந்தால்தான் கண்ணாடிக் காம்பு இடிக்காது. ஹெல்மெட் இன்னும் வாங்கவில்லையென்றால் இந்த வாரமே வாங்கிவிட்டு அப்புறம் அளவு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்