உள்ளூரில் உரசிப் பாருங்கள்

கேள்வி: ரோமானியக் குடியரசின் ஆட்சிமுறை பற்றி விக்கிப்பீடியாவில் இருப்பதை நம்பி கல்லூரிக் கட்டுரை எழுதலாமா?
– மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சோதித்துவிட்டு எழுதுங்கள். ரோமாபுரி தூரம், முதலில் நம்ம ஊரில் பழகிக்கொள்ளுங்கள். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த கதையைத் தேடி, எந்தத் தேதி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170 பேர். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம். சட்டப்படி இணைந்ததோ 1962 ஆகஸ்ட் 16-இல்தான்! ஒரே தேதியோடு முடித்துக்கொள்ளும் கட்டுரை பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

ரோமுக்கும் இதே உரைகல்தான். செனட்டை நம் சட்டமன்றம் போலக் காட்டினால் உஷாராகிவிடுங்கள். குடியரசுக் காலத்தில் செனட் ஆலோசனை சொல்லும் அவை. சட்டங்களை நிறைவேற்றியவை மக்கள் பேரவைகள். ஆனாலும் ஆண்டுதோறும் மாறும் இரண்டு கான்சல்கள் எனும் உயர் ஆட்சியாளர்கள் செனட்டின் பேச்சைச் சுலபமாகத் தட்டிவிட முடியாது. ஏட்டில் இருந்த அதிகாரம் வேறு, நடப்பில் இருந்த செல்வாக்கு வேறு என்று பிரித்துச் சொல்லும் கட்டுரையே நல்ல கட்டுரை.

கட்டுரையின் 'உரையாடல்' பக்கத்தையும் திறந்து பாருங்கள். எழுதியவர்களின் வாக்குவாதமெல்லாம் அங்கேதான். அடிக்குறிப்பில் உள்ள ஒரு நூலையாவது ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கேட்டுப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.