ரவைத் தட்டு அம்மா

மளிகைக் கடையில் இரண்டு கிலோ ரவை கேட்டு, "வறுத்ததா, வறுக்காததா?" என்று கடைக்காரர் கேட்டால், "கைக்கு எது நறநறன்னு இருக்கும்?" என்று திருப்பிக் கேட்கிற இளம் தாயைப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள். அது உப்புமாவுக்கு இல்லை. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. பரணில் அந்தக் குழந்தை எட்டிப் பார்க்காத பழைய பொம்மைகள் இருக்கின்றன.

சென்னை அடுக்ககங்களில் இப்போது பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். எங்கள் பிளாக்கிலும் உண்டு. பிள்ளை வளர்ந்ததும் கிலுகிலுப்பையை வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுப்பதும், உடைந்த காரைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதும் மற்றவர்கள் வழக்கம். இவர் வீட்டுப் பொம்மைகளுக்கு ஓய்வு கிடையாது. பணி முடிந்த மறுநாளே ஆலோசகராக அதே அலுவலகத்துக்கு வந்துவிடும் அரசு அதிகாரி போல, ஒவ்வொன்றும் புதுப் பதவியில் உட்கார்ந்துவிடும். அடுக்கு வளையங்கள் ஒரு தட்டில் கொட்டிய, மஞ்சள்தூள் கலந்த ரவைக்குள் புதையலாகும். முன்சக்கரம் கழன்ற லாரி கோதுமைத் தவிட்டில் மணல் அள்ளும். பிளாஸ்டிக் கட்டைகள் சப்பாத்தி மாவில் அச்சுக் குத்தும். டைனோசர் ஒரு கிண்ணம் தண்ணீரோடு ஃபிரீசருக்குள் போய், காலையில் பனிக்கட்டியாக வெளியே வந்து குழந்தைக்காகக் காத்திருக்கும். அவசரத்தில் அதை மோருக்குள் போட்டுக்கொண்ட கணவர் இன்றுவரை மோரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

சமையலறையில் ஒரு டப்பாவின் மேல் "விளையாட்டு ரவை – உப்புமாவுக்கு அல்ல" என்று ஒட்டியிருக்கிறது. அப்படி ஒட்ட நேர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கும். நான் கேட்கவில்லை.

"சாப்பிடுற பொருளைக் கொட்டி விளையாடறதா?" என்று மாமியார் ஆரம்பித்தால் இவரிடம் ஒரு துருப்புச்சீட்டு உண்டு. "மாண்டிசோரி அம்மையாரே 1939-ல நம்ம அடையாறுக்கு வந்து டீச்சர்களுக்குப் பாடம் எடுத்தாங்க அத்தை. தொட்டுப் பார்த்துத்தான் குழந்தை கத்துக்கும்னாங்க."

"வந்தவங்க ரவையைக் கொட்டச் சொன்னாங்களா?"

மாமியார் கேட்டது நியாயம்தான். மாண்டிசோரி கண்டிப்பான பேர்வழி. அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கட்டைகள், ஒரு சென்டிமீட்டர் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை. எல்லாம் ஒரே நிறம், அளவு மட்டும் வேறு. குழந்தையின் கவனம் அளவில் மட்டும் நிற்கட்டும் என்பதற்காகத்தான் அப்படி. விளையாடி முடித்ததும் எடுத்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். நீலச் சேமியாவில் வாத்து, லாரி, அனுமார் மூவரும் ஒன்றாகக் குளிப்பதையும், அதில் பாதி சேமியா சோபாவுக்கு அடியில் குடியேறுவதையும் பார்த்திருந்தால் அம்மையார் அடுத்த கப்பலிலேயே ஊருக்குத் திரும்பியிருப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் இவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. தட்டில் எது போனாலும் முதலில் பரிசோதனை. டிஷ்யூ ரோலின் நடுவிலிருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்று வயது வரைக்கும் பரணுக்கே. பட்டாணியும் கொண்டைக்கடலையும் மூக்குக்குள் போகும் என்பதால் தடை. பச்சை ராஜ்மா விஷம் என்பதால் தடை. தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண மணிகளை யாரோ பரிசாகக் கொடுத்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினார். விழுங்கினால் குடலுக்குள்ளும் அவை பருக்கும். அந்த வழவழப்புக்கு ஊறவைத்த சப்ஜா விதை போதும் என்பது அவர் கட்சி. பாட்டுப் பாடும் பொம்மையின் பட்டன் பேட்டரியை முதல் வேலையாகக் கழற்றிவிடுவார். தொண்டையில் அது சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். அதனால் அவர் வீட்டுப் பியானோ ஊமை. பக்கத்து வீட்டுக்காரியாக அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

உண்மையான போர் நவராத்திரிக்குத்தான் மூண்டது. மாமியார் கொலுப்படிக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் ஒரு பார்க் போடுவார். தாம்பாளத்தில் ஈர மண், அதில் முளைவிட்ட கடுகும் ராகியும், குளத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கரையில் மகன் சின்ன வயதில் விளையாடிய மாடு, ஜீப், கை ஒடிந்த கிரிக்கெட் வீரர், ஒற்றைக் காது ஒட்டகச்சிவிங்கி. அந்த ஒட்டகச்சிவிங்கி அப்போது மருமகளின் ரவைத் தட்டில் பாலைவன டூட்டியில் இருந்தது.

"அது என் பார்க் ஒட்டகச்சிவிங்கிம்மா."

"குழந்தை இப்பத்தான் அதோட பழகுது அத்தை."

மாமனார் நடுவராக வந்து, ஒன்பது நாள் கொலுவுக்கு, பத்தாம் நாள் ரவைக்கு என்று தீர்ப்பு சொன்னார். குழந்தை அப்பீலுக்குப் போகவில்லை. நேராகப் பார்க்குக்குள் இறங்கி, முளைப்பயிரைப் பிடுங்கி, மண்ணைப் பிசைந்து, கண்ணாடிக் குளத்தில் சேறு பூசி, ஒட்டகச்சிவிங்கியைக் கழுத்துவரை புதைத்தது. திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த மாமியார் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "கடுகு சீக்கிரம் முளைச்சிடும், பார்க்க ராகிதான் அழகு" என்று மருமகளுக்கு வகுப்பும் எடுத்தார். மருமகள் அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

இப்போது பிள்ளைக்கு நாலு வயது. ரவைத் தட்டைக் காட்டினால், "அது பாப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு சைக்கிள் மிதிக்கப் போய்விடுகிறான். அம்மாவுக்குத்தான் அலுக்கவில்லை. பரண் நிறைய ஆட்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களே!

போன வாரம் மூன்றாம் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. கைக்குழந்தையோடு வந்த அந்தப் பெண், லாரியிலிருந்து பீரோ இறங்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"பதினாலு மாசம் ஆகுது அக்கா."

பீரோ முதல் மாடியைத் தாண்டுவதற்குள் இவர் தட்டும் டப்பாவுமாகப் படியேறிவிட்டார். பின்னாலேயே மூச்சு வாங்க மாமியார், கையில் ஒரு பொட்டலம் ராகி.