மஞ்சள் ஆடு

1983-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு பையன் கிட்டாரை மாட்டிக்கொண்டு பிசாசை ஊருக்குள் கூட்டிவரக் கிளம்பினான். வீட்டில் வைத்த பெயர் தாமஸ் ஃபோர்ஸ்பெர்க். அந்தப் பெயரில் கூப்பிட்டால் எந்தப் பிசாசு வரும்? எனவே குவார்த்தன் ஆனான். குழுவுக்கு, ரத்தத்தில் குளித்ததாகக் கதை கட்டப்பட்ட ஹங்கேரி சீமாட்டியின் பெயர்: பாத்தொரி. பையனுக்கு வயது பதினேழு.

அடுத்த வருஷம் 'ஸ்காண்டிநேவியன் மெட்டல் அட்டாக்' என்ற தொகுப்பில் ஒரு குழு கழன்றுகொள்ள, காலி இடத்தை அடைக்க இவர்களைச் செருகினார்கள். வந்த ரசிகர் கடிதங்களெல்லாம் அடைப்புக்கு வந்தவர்களைத்தான் விசாரித்தன. கம்பெனி முழு ஆல்பம் கேட்டது. கேட்டதே தவிர, காசை அவிழ்க்கவில்லை. நரகத்தின் சங்கீதம், கராஜை மாற்றிக் கட்டிய ஹெவன்ஷோர் என்ற ஸ்டுடியோவில் பதிவானது. மோட்டர்ஹெட் குழுவின் ஓட்டம், பிளாக் சபாத் குழுவின் இருட்டு, நடுவில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல ஒரு குரல். இருபத்தேழு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 1982-இலேயே 'பிளாக் மெட்டல்' என்று ஆல்பம் போட்டு இந்த வகைச் சங்கீதத்துக்கே பெயர் கொடுத்த வெனம் குழுவின் சாயல் ஊருக்கே தெரிந்தது. பேட்டிகளில் குவார்த்தன் மட்டும் இல்லவே இல்லை என்று சாதித்தார். மகராசன், நம்பத்தான் ஆளில்லை.

ஆல்பத்தின் உறையில்தான் விதி விளையாடியது. கறுப்புப் பின்னணியில் தங்க நிற ஆட்டுத் தலை என்பது திட்டம். தங்க மை கட்டுப்படியாகவில்லை, மஞ்சளில் அடித்துவிட்டார்கள். சாத்தானின் வாகனம், மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தலை சிலுப்பக் காத்திருக்கும் கருப்பசாமி கோயில் கிடாயாக வந்து நின்றது. குவார்த்தனுக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாது. முதல் ஆயிரம் பிரதியோடு மஞ்சளுக்கு மங்களம் பாடி, அடுத்த அச்சில் வெறும் கறுப்பு வெள்ளை. இன்றைக்கு அந்த ஆயிரத்தில் ஒன்றுக்காகச் சேகரிப்பாளர்கள் சொத்தை விற்கத் தயார்.

பின்னட்டை அடுத்த கூத்து. தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாளை வைத்துப் பாட்டுப் பெயர்களை ஒட்டியபோது ஆங்கில 'சி' தீர்ந்துபோனதாம். அதனால் 'நெக்ரோமான்ஸி' என்ற பாட்டுக்கு 'எஸ்' போட்டு ஒப்பேற்றினார்கள். செத்தவர்களை எழுப்பும் வித்தை தெரிந்தவர்களுக்கு இன்னொரு தாள் வாங்க வழி தெரியவில்லை.

பத்து வருஷம் கழித்து நார்வேயின் பிளாக் மெட்டல் பையன்கள் இந்த இல்லாமையை எல்லாம் ஆகமமாக எடுத்துக்கொண்டார்கள். இரைச்சலா, அதுதான் பக்தி. சத்தம் தெளிவாகக் கேட்டால் துரோகம். அவர்களில் டார்க்த்ரோன் குழு, ஸ்டுடியோவுக்குப் போக வழியிருந்தும், வீட்டு நாலு டிராக் மெஷினில் பதிந்து 1994-இல் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வெளியிட்டது. சீடர்கள் இப்படி விரதம் காக்க, குருநாதர் எப்போதோ சாத்தானைக் கைகழுவிவிட்டு வைக்கிங் வீரர்களின் பின்னால் போயிருந்தார். அதே 1994-இல் குவார்த்தன் என்ற பெயரில் சாதாரண ராக் ஆல்பம் ஒன்றும் போட்டார். அதற்குத் தலைப்பு யோசிக்கக்கூட மெனக்கெடவில்லை. 'ஆல்பம்' என்றே வைத்துவிட்டார்.