வயிறு பார்த்துச் சேர்ந்த கட்சி

எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார். உமறுப் புலவரும் முத்துசுவாமி தீட்சிதரும் இங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். பந்து என்று பேச்செடுத்தால் பக்கத்துக் கோவில்பட்டியின் ஹாக்கிப் பந்துதான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் நான் லிவர்பூல் கால்பந்து அணியின் ஆளானது 2004-இல், தூத்துக்குடி நடைபாதைக் கடையொன்றில்.

அங்கே இரண்டு சிவப்புப் பனியன்கள் தொங்கின. மனசெல்லாம் மான்செஸ்டர் யுனைடெட் மேல்தான். சலூன் சுவரில் பெக்காம் படத்தைப் பார்த்து முடிவெட்டிக்கொண்டவன் நான். யுனைடெட் பனியனில் தலை நுழைந்தது, தொந்தி நுழையவில்லை. "தம்பி, உங்க சைஸுக்கு இதுதான் வரும்" என்று கடைக்காரர் மற்றதை நீட்டினார். மார்பில் கார்ல்ஸ்பெர்க் என்று எழுதியிருந்தது. கிளப் பெயரே அதுதான் என்று ஒரு மாசம் சொல்லித் திரிந்தேன். அது பீர் கம்பெனி என்று சித்தப்பா மகன் வீட்டில் போட்டுக்கொடுத்த பிறகு, அம்மா அதை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் கொடியில் போடுவாள்.

மற்றவர்கள் மட்டும் யோசித்தா சேர்ந்தார்கள்? 2003–04 லீக்கில் 38 ஆட்டத்திலும் தோற்காத அணி, இனிக் கவலையில்லை என்று நண்பன் ஒருவன் ஆர்சனலில் சேர்ந்தான். அவன் கால் வைத்த ராசி, அடுத்த இருபது வருஷம் அவர்களுக்கு லீக் பட்டமே இல்லை.

என் ராசி வேறு மாதிரி. 2005 மே 25, இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். நமக்கு நடுச்சாமம். இடைவேளையில் ஏசி மிலான் மூன்று, நாங்கள் பூஜ்யம். டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். நான் குறட்டை விட்ட நேரத்தில் ஆறே நிமிஷத்தில் மூன்று கோலையும் திருப்பி, பெனால்டியில் கோப்பையையும் தூக்கிவிட்டார்கள். கடைசிவரை விழித்திருந்ததாகத்தான் ஊரில் சொல்லியிருக்கிறேன், நமக்குள் இருக்கட்டும்.

"சென்னையின் எஃப்.சி. ரெண்டு தடவை ஐ.எஸ்.எல். ஜெயிச்சிருக்கே, அதை விட்டுட்டு சீமைக்கு ஏன் போற?" என்பார்கள். எட்டயபுரத்தானுக்குச் சென்னையும் அசலூர்தான். லிவர்பூல் கொஞ்சம் கூடுதல் தூரம், அவ்வளவே.

கௌரவமான காரணம் பின்னால்தான் அகப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் கரிசல் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. லிவர்பூல் பருத்திச் சந்தையில் 'திருநெல்வேலி' என்றே ஒரு ரகம் இருந்தது. உடனே பிடித்துக்கொண்டேன். தொந்தி சமாசாரத்தை மறைத்து, பருத்தி பந்தம் என்று பெரியப்பாவிடம் மூச்சுவிடாமல் அளந்தேன்.

2020 ஜூன் 25. முப்பது வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம். அன்று எங்களுக்கு ஆட்டமே கிடையாது. மான்செஸ்டர் சிட்டியைச் செல்சீ தோற்கடித்ததில் பட்டம் எங்கள் மடியில் விழுந்தது. ஊரடங்கு வேறு, கூடிக் கூத்தடிக்க ஆளில்லை. காலையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பெரியப்பாவிடம் நீட்டினேன்.

"என்னலே விசேஷம்?"

"லிவர்பூல் ஜெயிச்சிட்டு, பெரியப்பா."

ஒரு துண்டை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார்.

"நம்ம பருத்தி வாங்குன பயலுவதான? பாக்கி ஏதும் குடுத்தானா?"