கோட்டை மானும் வளவு மாமரமும்

கேள்வி: பிரட்றிக் கோட்டைப் பக்கத்து மான் எங்கள் மாமரத்தில் கொம்பை உரசிப் பட்டையை உரித்துவிட்டது. மரம் பிழைக்குமா? (வாசகர், உவர்மலை, திருகோணமலை)

மான் ஒரு பக்கம் நின்று உரசியதா, மரத்தையே வலம் வந்ததா?

இலை சமைக்கும் உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிவர உரிந்தால் வேர் பட்டினி கிடக்கும். சுற்றளவில் கால்வாசிக்குள் என்றால் பெரும்பாலும் தப்பும். தொங்கும் பட்டையைக் கூரான கத்தியால் நல்ல பட்டை வரை சீவிவிட்டால் போதும், பெயின்ட் வேண்டாம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்தவர். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளே சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்று காட்டியவரும் அவரே.

அடுத்த முறைக்கு அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை. பாவம், கொம்புத் தோலை உரிக்க மானுக்கும் ஓர் இடம் வேண்டுமே!

கேள்வி: தென்னை என்றால்?

தென்னைக்கு உரிக்க உண்மையான பட்டையே கிடையாது! உணவுக் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் மேலோட்டமான வளையக் கீறல் அதைக் கொல்லாது. ஆனால் காயம் ஒருபோதும் மூடாது. சிவப்புக் கூன்வண்டு அதில் முட்டையிடும். தார் பூச வேண்டிய இடம் இதுதான்.