ஜனவரியில் ஒரு தீவு

கேள்வி: ஜனவரியில் கிரேக்கத் தீவுக்குப் போனால் பார்க்க ஏதாவது இருக்குமா? எல்லாமே மூடிக் கிடக்கும் என்கிறார்களே?

பதில்: தாராளமாகப் போங்கள். நீச்சலுடையை வீட்டிலேயே வைத்துவிட்டு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால், தீவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சின்னத் தீவுகளில் ஓட்டல்காரரே கதவைப் பூட்டிக்கொண்டு ஏதென்ஸுக்குப் போயிருப்பார். சீரோஸ் அப்படியல்ல. சைக்ளேட்ஸ் தீவுகளின் தலைநகரான எர்மூபோலி அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடம், கோர்ட், கப்பல் பட்டறை என்று ஊர் வருஷம் முழுக்க உயிரோடு இருக்கும். சலவைக்கல் பாவிய மியாவுலிஸ் சதுக்கத்தில் மழை விட்டதும் நடந்து பாருங்கள். ஈரத்தரையில் நகரசபைக் கட்டடம் தலைகீழாகத் தெரியும். கவனம் தப்பினால் நீங்களும் தலைகீழ்தான்! 1864-இல் திறந்த அப்பல்லோ தியேட்டரை நெரிசலில்லாமல் ரசிக்கலாம். ரோஜா மணக்கும் லுகூமி மிட்டாயை மறக்காதீர்கள். சட்டையெல்லாம் மாவுச்சர்க்கரை கொட்டும், கொட்டட்டும்.

ஒரே வில்லன் காற்று. அதன் வேகம் போஃபர்ட் அளவுகோலில் 8-ஐ எட்டினால் பொதுவாகக் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே தீவிலிருந்து கிளம்புங்கள். காற்று வழிவிட்டால் அந்த இரண்டு நாளும் ஏதென்ஸின் அக்ரோபோலிஸுக்கு!